“குட்டி இருக்கா சார்?” வளர்ந்த நாயைச் சீந்த ஆள் இல்லை!

சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அனாதை நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் முகாம். பந்தலுக்குள் செருப்புச் சத்தம் கேட்டதும், ஓரத்துக் கம்பத்தில் கட்டியிருந்த நாய் எழுந்து நிற்கிறது. வாலை ஆட்டுகிறது.

வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அட்டைப் பெட்டிக்குப் போகிறார்கள். பெட்டிக்குள் 6 குட்டிகள்.

“அப்பா, இதுதாம்பா எனக்கு வேணும்!”

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பெட்டி காலி. கம்பத்து நாய் மறுபடியும் சுருண்டு படுத்துக் கொண்டது. அதற்கு இது 4-வது ஞாயிற்றுக்கிழமை.

பெயர் மணி. செவலை நிறம். பல் தேய்ந்திருப்பதைப் பார்த்து வயது 5 இருக்கும் என்கிறார் டாக்டர். இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கும்.

பீரோ ஏறியது; மணி ஏறவில்லை

மணி தெருவில் வளர்ந்த நாய் அல்ல. ஓட்டு வீடு ஒன்றில் செல்லமாக வளர்ந்தது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு, குடும்பம் வாடகை பிளாட்டுக்குக் கிளம்பியது. லாரியில் கட்டில் ஏறியது. பீரோ ஏறியது. கிரைண்டரும் ஏறியது. மணி மட்டும் ஏறவில்லை.

லாரி போன பிறகும் மணி கேட்டை விட்டு நகரவில்லை. கேட்டையே பெயர்த்து எடுத்துப் போன பிறகும் அந்த இடத்திலேயே கிடந்தது. எதிர் டீக்கடைக்காரர் பொறை போட்டார். 10, 12 நாள் போயிருக்கும். ஒரு லோடு ஆட்டோ காலில் ஏறியது. அதற்குப் பிறகுதான் பிராணிகள் காப்பகம், மாவுக்கட்டு, ஊசி, கருத்தடை ஆபரேஷன் எல்லாம்.

வளர்த்த நாயை இப்படி அம்போ என்று பட்டினி போட்டுவிட்டுப் போவது குற்றம். 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது! ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் இதைவிட அதிகம் ஆகும்.

நாய் வண்டி காலம்

50 வயது தாண்டியவர்களுக்கு ‘நாய் வண்டி’ ஞாபகம் இருக்கும். சுருக்குக் கயிறோடு கார்ப்பரேஷன் ஆட்கள் இறங்கினால் தெரு நாய் எல்லாம் தலைதெறிக்க ஓடும். பிடிபட்டது திரும்பி வராது. கேப்டன் சுந்தரம் என்ற விமானி தொடங்கிய புளூ கிராஸ், ‘கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள்’ என்று விடாமல் சொல்லி வந்தது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்.

கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே தெரு நாயைக் கொண்டு விட வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டு விதி. தெருவில் வளர்ந்த நாய்க்கு அது சரி. டீக்கடை எது, கல்லெறியும் வீடு எது என்று அதற்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த மணியை எந்தத் தெருவில் விடுவது? அதற்கு ரோட்டைக் கடக்கவே தெரியாது. வீடு கிடைத்தால்தான் உண்டு.

குட்டியா, பெரிசா?

“பெரிய நாய் பழகாது சார்.”

“பழைய எஜமானையே நெனச்சிட்டு இருக்கும்.”

“கடிச்சா யாரு பொறுப்பு?”

முகாமுக்கு வருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் இவை. வாழ்நாள் எல்லாம் நாயோடு பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்வது இல்லை.

குட்டி என்பது பிரிக்காத பார்சல். எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தரையைத் துடைக்க வேண்டும். பல் முளைக்கும்போது வீட்டில் ஒரு செருப்பு மிஞ்சாது. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பது? ஆசையாகத் தூக்கிப் போன குட்டி, 8 மாதத்தில் “ரொம்ப வளர்ந்திடுச்சு” என்று திரும்பி வருவதும் உண்டு. வளராமல் என்ன செய்யும்?

வளர்ந்த நாயின் குணமோ கண் எதிரே தெரிகிறது. குழந்தையைக் கண்டால் என்ன செய்யும்? தனியாக விட்டால் குரைத்து ஊரைக் கூட்டுமா? காப்பகத்தில் சோறு வைக்கிற ஆளைக் கேட்டால் புட்டுப் புட்டு வைப்பார். மணிக்குப் பூனை ஆகாது. ஹாரன் சத்தம் பயம். வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் பண்ணாது.

போன வேகத்தில் திரும்பியது

5-வது ஞாயிற்றுக்கிழமை மணிக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்து அழைத்துப் போனார். 4-வது நாள் ஆட்டோவில் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்.

“சோறே திங்கல சார். கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு. பையன் காலைப் புடிச்சு இழுத்தான், உர்ர்னு சொல்லிச்சு. பயமா இருக்கு.”

புது வீட்டில் முதல் 3 நாள் மிரட்சி. 3 வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும். ‘இது நம்ம வீடு’ என்று நம்ப 3 மாதம் ஆகும். நாய்களைக் காப்பாற்றி வீடு சேர்ப்பவர்கள் சொல்லும் இந்தக் கணக்கு தோராயம்தான்; ஆனால் 4 நாள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. பயந்து ஒளிந்த நாயை இழுத்தால் உறுமத்தான் செய்யும். ‘என்னை விட்டுடு’ என்று கடிக்காமல் சொல்ல அதற்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

அந்த மனிதரையும் திட்டிப் பயன் இல்லை. இதை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாமியார் வீட்டுப் பேச்சு போல

அடுத்து வந்தவர் பெரம்பூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவரும் மனைவியும்தான். இந்தத் தடவை காப்பகத்துக்காரர்கள் உஷார். பெண் கொடுக்கிற மாதிரி விசாரித்தார்கள். வீட்டுக்கே போய் கேட்டின் கொண்டியை ஆட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் பூனை உண்டா, சொந்த வீடா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது?

(அடுக்குமாடிச் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.)

ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, மாநகராட்சி லைசென்ஸ் இரண்டும் வேண்டும். லைசென்சுக்கு 2025-ல் கட்டணம் 50 ரூபாய். நாயை வளர்க்கவும் 50, கைவிட்டாலும் 50! தெரு நாயைத் தத்து எடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியில் மனுக் கொடுக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வரக் கூடாது என்று 2025 ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

“தீபாவளி முடியட்டும்ணே. வெடிச் சத்தத்துல புது எடத்துல இருந்து ஓடிச்சுன்னா புடிக்க முடியாது” என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். கூடவே மணி படுத்த சாக்கையும் துவைக்காமல் சுருட்டிக் கொடுத்தார்கள். பழகிய வாசனை வேண்டுமாம். முதல் வாரம் குளிப்பாட்டக் கூடாது. வேடிக்கை பார்க்கச் சொந்தக்காரர்களைக் கூப்பிடக் கூடாது. கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும்.

போகத்தான் செய்தது. முதல் நாள் பட்டினி. மறுநாள் விளக்கை அணைத்த பிறகு சோற்றை நக்கும் சத்தம் கேட்டது.

“தட்டை வச்சுட்டு நாங்க பாட்டுக்கு சீரியல் பாக்கப் போயிடுவோம். திரும்பியே பாக்கறதில்ல” என்கிறார் அந்த அம்மாள். 9-ம் நாள் மணி தானாக வெளியே வந்து வாசல்படியில் படுத்தது.

இப்போது 2 மாதம் ஆகிறது. காலையில் கடை திறக்கப் போகும்போது கூடவே கயிற்றோடு போகிறது. ஜெராக்ஸ் மெஷின் வைத்த மேஜைக்கு அடியில் அதன் சாக்கு. வாடிக்கையாளர்கள் மிதித்துவிடாமல் பார்த்து நிற்கப் பழகிவிட்டார்கள். தெருவில் யாராவது வீடு காலி செய்து லாரியில் சாமான் ஏற்றினால் மட்டும், மணி எழுந்து வந்து கடைக்காரரின் காலை ஒட்டி நின்று கொள்கிறது. லாரி போகும் வரை உட்காருவதில்லை.