புள்ளி ஏறினால் போதுமா?

அஞ்சுகிராமத்து வீட்டில் இருந்தபடியே ஏழு பேர் கொண்ட மென்பொருள் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் ஒரு ஸ்பிரிண்ட். வேலையின் கடினத்தைப் பொறுத்து 3, 5, 8 என்று புள்ளி போடுவோம்; முடித்த புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் வெலாசிட்டி.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் அதைக் கூட்டச் சொல்லி நெருக்கினார்கள். மூன்றே மாதத்தில் 30-ஆக இருந்த வெலாசிட்டி 45 ஆனது. வேலை கூடவில்லை, 3 போட்ட இடத்தில் 5 போட்டோம், அவ்வளவுதான். பில் போடும் திரை மட்டும் அப்படியே தொங்கிக் கிடந்தது.

2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கையின் கோட்பாடுகளில் ஒன்று, ஓடும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதல் அளவுகோல் என்கிறது. இப்போது ஸ்பிரிண்ட் முடியும் வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் கையிலேயே திரையைக் கொடுத்துவிடுகிறேன். அவர் விரல் தயங்கி நிற்கும் இடம்தான் மிச்ச வேலை.

மேலாளர்களே, புள்ளியை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடாதீர்கள். அது அடுத்த இரண்டு வாரத்தைத் திட்டமிட மட்டுமே.