நனையாமல் போய்ச் சேர வேண்டிய பொடி

பள்ளிக்கரணை, வேளச்சேரி மாதிரி சதுப்பான இடங்களில் கட்டடத்துக்கு பைலிங் போடும்போது, தோண்டிய குழிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கூழை ஊற்றுவார்கள். அது பெண்டோனைட் என்ற களிமண். குஜராத்தின் கட்ச் பகுதியில் நிறையக் கிடைக்கிறது. தண்ணீரைக் கண்டால் உறிஞ்சி உப்பும். குழியின் சுவர் சரியாமல் தாங்கும். பூனை வளர்க்கும் வீடுகளில் தட்டில் பரப்புகிறார்களே, அந்த மணலிலும் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் களிமண்ணைத் தூய்மைப்படுத்தி, மனிதரின் வயிற்றுக்குள் ஊதி, இரத்தக்கசிவை நிறுத்துகிறார்கள். கருவியின் பெயர் ஹீமோஸ்ப்ரே. ஹாங்காங்கில் ஜோசப் சங் என்ற மருத்துவரின் குழு 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குடற்புண்ணிலிருந்து இரத்தம் கொட்டிய 20 பேருக்கு இந்தப் பொடியைத் தூவினார்கள். 19 பேருக்கு இரத்தம் நின்றது. அமெரிக்கா 2018-இல் அனுமதி கொடுத்தது.

விளையாடும்போது முழங்காலில் அடிபட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்கிறோம். (சில வீடுகளில் காப்பித்தூளை அள்ளி அப்புவார்கள். வேண்டாம், கிருமி போகும்.) இரைப்பைக்குள் புண் வந்து இரத்தம் கசிந்தால் எந்தக் கையால் அழுத்துவது? அப்படிப்பட்ட புண் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவால் வரலாம். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையை நாள் கணக்கில் விழுங்குவதாலும் வரலாம். நோயாளி இரத்த வாந்தி எடுப்பார், அல்லது மலம் கறுப்பாகப் போகும்.

அப்போது வாய் வழியாக எண்டோஸ்கோப் உள்ளே போகும். வளையக்கூடிய நீண்ட குழாய், நுனியில் கேமரா. கேமரா சிப் வருவதற்கு முந்தைய எண்டோஸ்கோப்புகளில் மெல்லிய கண்ணாடி இழைகள்தாம் படத்தை வெளியே கொண்டுவந்தன. இழைக் கட்டு வழியாகப் படம் அனுப்ப முடியும் என்று 1954-இல் லண்டனில் செய்து காட்டிய இருவரில் ஒருவர், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

எண்டோஸ்கோப்புக்குள் கருவிகளை நுழைக்கச் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சுரங்க வழி உண்டு. இரத்தம் வரும் புள்ளி கண்ணுக்குத் தெரிந்தால் அதன் வழியே கிளிப் போடுவார்கள், அல்லது சூடு வைப்பார்கள். ஆனால் உள்ளங்கை அகலத்துக்குப் பல இடங்களில் கசிந்தால் எங்கே கிளிப் போடுவது? அங்கேதான் பொடி உதவும். அது இரத்தத்தில் உள்ள நீரைக் குடித்துவிடும். மிச்சமாகும் தட்டணுக்களும் உறைய வைக்கும் புரதங்களும் நெருக்கியடித்து ஒன்றுசேரும். களிமண் துகளின் மேற்பரப்பில் இருக்கும் மின்னேற்றமும் உறைதலைத் தூண்டும். சில நொடிகளில் புண்ணின் மேல் ஒரு பொருக்கு.

பொடியின் கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான்: தாகம். கருவியை வடிவமைப்பவர்களுக்குத் தலைவலியும் அதே தாகம்தான். தண்ணீருக்கு ஏங்கும் ஒரு பொருளை, 2 மீட்டருக்கும் மேல் நீளமான மெல்லிய குழாய் வழியாக, எச்சிலும் அமிலமும் இரத்தமும் நிறைந்த இடத்துக்கு, துளியும் நனையாமல் அனுப்ப வேண்டும். ஐப்பசி மழையில் தாம்பரத்து வீடுகளில் உப்பு ஜாடி என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றில் இருக்கும் ஈரமே போதும், கட்டியாகிவிடும். குழாயின் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் ஏறினாலும் இந்தப் பொடிக்கும் அதே கதிதான். நோயாளிக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்க, குழாயை உருவிப் புதிதாக ஒன்றை நுழைக்க வேண்டியதுதான்.

அதனால் என்னென்னவோ தந்திரங்கள். ஹீமோஸ்ப்ரேயின் கைப்பிடியில் கரியமில வாயு அடைத்த சிறு குப்பி இருக்கிறது. உலர்ந்த வாயு பொடியைத் தள்ளிக்கொண்டு போகும். நுனியைப் புண்ணில் முட்டாமல் 1 அல்லது 2 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக ஊதுவார்கள். தாவர மாவுச்சத்திலிருந்து செய்த எண்டோகிளாட் என்ற பொடிக்கு வேறு வழி: ஒரு சிறு காற்றமுக்கி இடைவிடாமல் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும், இரத்தம் குழாய்க்குள் ஏற முடியாது. கொரியாவில் உருவான நெக்ஸ்பவுடர் ஈரம் பட்டதும் பசையாக மாறி ஒட்டிக்கொள்ளும். அதை மெதுவாகத் தூவினாலே போதும்.

வேகமாக ஊதினால் என்ன என்று கேட்பீர்கள். வயிறு ஊதிப்போகும். பொடி புகையாகக் கிளம்பிக் கேமராவை மறைக்கும். மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. துகளை இன்னும் நைசாக அரைத்தால் குழாய்ச் சுவரில் ஒட்டும், பெரிதாக விட்டால் வளைவுகளில் தேங்கும். வாயு, துகள், வளைவு, அழுத்தம் என்று இதெல்லாம் ராக்கெட் செய்பவர்களும் படிக்கிற பாடம். 1949-இல் சி. ராஜம் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், பிற்பாடு இதய மருத்துவர் சோம ராஜுவுடன் சேர்ந்து இரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். எனக்கு அதில் வியப்பில்லை.

வேலை முடிந்த களிமண் பொடி என்ன ஆகும்? உடம்பு அதைச் செரிக்காது. ஓரிரு நாளில் உதிர்ந்து, குடல் வழியாகப் பயணித்துக் கழிப்பறைக்குப் போய்விடும். அதனால் இந்தக் கட்டு தற்காலிகம்தான். அதற்குள் புண்ணுக்கு மருந்து கொடுத்தாக வேண்டும்.

வயிற்றுக்குச் சரியான பொடி எல்லா இடத்துக்கும் சரிவராது. மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைத் தாண்டும்போது, அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. (கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது சில காலம் இவர் அங்கே நடத்திய சானடோரியத்தில்தான் இருந்தார்.) காசநோய் நுரையீரலின் இரத்தக் குழாயை அரித்துவிட்டால் இருமும்போது இரத்தம் வரும். அதுவும் உள்ளே நடக்கும் கசிவுதான். ஆனால் இரைப்பைக்கென்று செய்த பொடியை அங்கே அப்படியே ஊதினால், உப்பிப்போய் மூச்சுக்குழாயையே அடைத்துவிடலாம். நுரையீரலில், கசியும் நாளத்துக்கு இரத்தம் போகும் வழியையே உள்ளிருந்து அடைப்பது போன்ற வேறு முறைகள் உண்டு.

பெரிய தமனி அறுந்தால் இன்னொரு சிக்கல்: இரத்தம் பீய்ச்சி அடிக்கும், பொடியை வெளியே தள்ளிவிடும். கனடாவில் கிறிஸ்டியன் காஸ்ட்ரப்பின் குழு 2015-இல் இதற்கு ஒரு யோசனை சொன்னது. சுண்ணாம்புத் துகள், அதாவது கால்சியம் கார்பனேட், அதோடு அமிலத்தன்மை கொண்ட ஒரு மருந்து. ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுக் குமிழிகளை விடும். சோடா பொங்குவதும் இதே வாயுவால்தான். அந்த உந்துதலில் துகள்கள் நொடிக்கு 1.5 சென்டிமீட்டர் வரை வேகமாக, இரத்தத்தை எதிர்த்து நீந்தின. உறைய வைக்கும் திராம்பின் என்ற நொதியையும் முதுகில் சுமந்துகொண்டு போயின. எலிகளிலும் பன்றிகளிலும் சோதித்தார்கள்.

நல்ல யோசனைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை ஏற்கெனவே இருக்கிறது. போர்க்களக் காயங்களுக்கென்று வந்த வேறொரு களிமண் பொடி, இரத்த நாளத்துக்குள்ளேயே புகுந்து உறைகட்டிகளை உண்டாக்குவது விலங்குச் சோதனைகளில் தெரிந்ததும், அமெரிக்க ராணுவம் அதைக் கைவிட்டது. காஸ்ட்ரப்பின் துகள்கள் காயத்து நாளங்களுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போயின. அதற்கு மேலும் நீந்தி நுரையீரலுக்கோ மூளைக்கோ ஒன்றாவது போய்ச் சேர்கிறதா என்று, இந்த மாதிரிப் பொடி ஒவ்வொன்றையும் மனிதருக்குக் கொடுக்கும் முன் தேடிப் பார்த்தாக வேண்டும்.