பிள்ளை பிறந்த பிறகு வேலை என்னாகிறது?

இலங்கையில் 15 வயதைத் தாண்டிய பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் மூன்றில் இரண்டுக்கும் மேல். திருகோணமலை அடங்கிய கிழக்கு மாகாணத்தில் பெண்களின் பங்கு இன்னும் குறைவு. படிப்பு இதற்குக் காரணமில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போவோரில் பெண்களே அதிகம். பலர் வேலையை விடுவது முதற்பிள்ளை பிறந்த பிறகு.

பிள்ளைக் காப்பகங்கள் நிறைந்த டென்மார்க்கிலும் முதற்பிள்ளைக்குப் பிறகு தாயின் வருமானம் தந்தையுடையதைவிட நீண்டகாலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்குவதை 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காப்பகமே அரிதான ஊரில் முழு வேலையும் போய்விடுகிறது.

மணிக்கூட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். முன்பள்ளி மதியத்துக்கு முன்பே முடியும். பாடசாலை 1.30க்கு விடும். அலுவலகம் முடிய நாலு மணி தாண்டும்; தொழிற்சாலையில் இரவு ஷிப்டும் வரும். அந்த இடைவெளியில் பிள்ளையைப் பார்க்க அம்மம்மா பக்கத்தில் இருந்தால் தாய் வேலைக்குப் போவாள். இல்லாவிட்டால் பாடசாலை விடும் நேரத்திலேயே முடியும் டீச்சர் வேலை கிடைத்தால்தான் உண்டு. கரையோரத்தில் வளவிலேயே கருவாடு காயவைக்கும் பெண்ணுக்குப் பிள்ளை தடையில்லை. ஆனால் அது குடும்பத் தொழில், அவள் கைக்கென்று சம்பளம் வராது.

திருகோணமலையின் மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் இன்னொரு வழி வளைகுடா நாட்டு வீட்டுவேலை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் குடும்பநிலையைச் சரிபார்க்க 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மாரைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைந்தது. தந்தைமாருக்கு அப்படியொரு விதி இருந்ததேயில்லை.

பிரசவ விடுமுறைச் சட்டம் தாய்க்குச் சம்பளத்துடன் 84 நாட்கள் தருகிறது. மூன்றாம் பிள்ளைக்கும் அதே அளவு என்று 2018இல் திருத்தினார்கள். ஆனால் தனியார் துறையில் அந்தச் சம்பளம் முழுவதும் முதலாளியின் செலவு. புதிதாகக் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்க அவர் தயங்குவது அங்கேதான் தொடங்குகிறது. தந்தைக்கு அரச வேலையில் 3 நாள் விடுமுறை. தனியாரில் சட்டப்படி எதுவுமில்லை.

ஆகவே விடுமுறையை நீட்டுவதால் மட்டும் பயனில்லை. செலவைப் பொது நிதியொன்று ஏற்பதும், பாடசாலை விட்டபின் பிள்ளையைப் பார்க்க நம்பகமான இடம் ஊருக்குள் இருப்பதும், தந்தைக்கும் விடுமுறை கிடைப்பதும் சேர்ந்து வந்தால்தான் தாயின் சம்பளம் நிலைக்கும்.