தந்தையின் துப்பாக்கியும் மகனின் பொறுப்பும்

மலையடிவாரத்தில் சாகுபடி செய்யும் நம் அங்கத்தினர்கள் சிலரது இல்லங்களில், பயிர்க்காவலின் பொருட்டு முன்னோர் வாங்கிய துப்பாக்கி இன்றும் உள்ளது. குடும்பத்தலைவர் காலமானபின் நிலம், தறி, மாடு ஆகியவற்றை மக்கள் பங்கிட்டுக் கொள்கின்றனர். துப்பாக்கியை எவரும் நினைப்பதில்லை. அது பரண்மேல் கிடக்கிறது. இதனால் விளையும் துன்பத்தை நாம் நேரில் கண்டோம்.

தணிக்கைக்காக நாம் சென்றிருந்த ஓர் ஊரில், தேர்தலை முன்னிட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்குமாறு அங்கத்தினர் ஒருவர் பெயருக்குக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. மகன் கள்ளமின்றித் துப்பாக்கியை எடுத்துச் சென்றார். “உம்முடைய லைசென்ஸ் எங்கே?” என்று கேட்டனர். “அப்பா வைத்திருந்ததுதானே, ஐயா” என்றார். அந்த விடை அவரைக் காக்கவில்லை. அவ்வாண்டு அறுவடையை மனைவியிடம் விட்டுவிட்டு அவர் நீதிமன்றத்துக்கு நடந்தார்.

அவர் செய்த பிழை யாது? துப்பாக்கி சொத்து, ஆகவே அது வாரிசுக்கு வரும். லைசென்ஸோ சொத்தன்று, அது ஒருவரை நம்பி அவருக்கு மட்டும் அரசு அளித்த அனுமதி. அவர் மறைந்தால் அதுவும் முடிந்தது. நம் சங்கத்திலும் இதே முறைதான். இறந்த அங்கத்தினரின் பங்குத்தொகை அவர் நியமித்தவரைச் சேரும். ஆனால் அவர் விண்ணப்பித்துச் சங்கம் ஏற்றாலன்றி அங்கத்தினர் ஆகமாட்டார்.

எனவே லைசென்ஸ் பெற்றவர் இறந்தவுடன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவதாக, தாமதமின்றித் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதனைக் கட்டாயமாக்குகிறது. ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது; குறித்த காலத்துக்குள் லைசென்ஸ் பெற்றால் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியுடையவருக்கு விற்கலாம். காலம் கடந்தால் அது அரசைச் சேரும்.

இரண்டாவதாக, வாரிசுகளில் ஒருவர் தம் பெயருக்கு லைசென்ஸ் கோரி விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதமும் தேவை. விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணையும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. பரம்பரையாக வருவதும் இக்கணக்கில் சேரும்.

இறக்கும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் உள்ளவர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போதே, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் வழங்குமாறு கோரலாம். தந்தை உயிருடன் இருக்கையிலேயே முடிவு செய்தால் சகோதரரிடையே பிணக்கும் எழாது.

“எங்களுடையது துருப்பிடித்த பழையது, அதற்கு எதற்கு லைசென்ஸ்?” என்பாரும் உளர். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே சட்டம் விலக்கு அளிக்கிறது. பழுது பார்த்தால் சுடும் என்றால் விலக்கில்லை. குடகில் கொடவர்க்கும் ஜம்மா நில உரிமையாளர்க்கும் 2029 அக்டோபர் வரை தனி விலக்கு உண்டு. அதனை நமக்கும் உரியதாகக் கருதுதல் தவறு. லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கலாம்.

மற்றொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருக்கவே அனுமதிக்கிறது. வயலில் மயில் மேய்ந்தாலும் அதனைச் சுட அது இடந்தராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறாக நிற்கிறது.

வீட்டில் துப்பாக்கி உள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றிரவே லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள பெயரையும் முடிவுத் தேதியையும் வாசித்துப் பார்ப்பாராக. அப்பெயருக்குரியவர் இப்போது இல்லையெனில், பொழுது விடிந்ததும் செல்லவேண்டிய இடம் காவல் நிலையம்.