காப்புறுதிக்குக் காப்பு

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் என்பது புதிய பெயரன்று. லயத்தில் ஒருவர் இறந்தால், சங்கத்திலுள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு தொகை கொடுக்கிறது. சேர்ந்த பணத்தில் பந்தலும் பறையும் பாடையும் ஒருவாறு நடந்தேறுகின்றன. மிஞ்சியது வீட்டாருக்குச் சேர்கிறது. எழுத்தறியாத காலத்திலும் இச்சங்கங்கள் பழுதின்றி நடந்தன. கணக்குப் புத்தகத்தைக் காட்டிலும் கூட்டத்தின் நாணயமே அவற்றைத் தாங்கி நின்றது.

இதன் உள்ளே இருக்கும் கணிதத்தைச் சற்று நோக்கலாம். சங்கத்தில் நூறு குடும்பங்கள், ஒரு மரணத்துக்குக் குடும்பத்துக்கு 200 ரூபா என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபா சேரும். ஆண்டுக்கு இரண்டு மரணமோ மூன்று மரணமோ நேரும்வரை எவருக்கும் சுமை தெரியாது. ஒருவர் சாவுக்கும் மற்றொருவர் சாவுக்கும் தொடர்பில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் அத்திவாரம். ஒரு வீட்டில் துன்பம் நேரும்போது தொண்ணூற்றொன்பது வீடுகள் கொடுக்கும் நிலையில் இருக்கும் என்பது எழுதப்படாத நம்பிக்கை.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தையைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் அந்த நம்பிக்கை மண்ணோடு சரிந்தது. மலை இடிந்து லயங்களை மூடியபோது, கொடுக்க வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒரே மண்ணின் கீழ் அகப்பட்டனர். எத்துணை நாணயமுள்ள சங்கமாயினும், அதன் உறுப்பினர் அனைவரையும் ஒரே நாளில் துன்பம் தாக்கினால் அது தாங்காது. கையிருப்பாக முன்னரே ஒதுக்கிய பணமும், வேறு மலையில் வாழும் வேறு மக்களின் பங்கும் இருந்தாலன்றி அந்நாளில் உதவ வழியில்லை.

காப்புறுதிக் கம்பனி என்பது பெரிதாக்கிய மரண உதவிச் சங்கமே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடையில் அரிசி வாங்குபவன் காசைக் கொடுத்த கணமே பண்டத்தைப் பெறுகிறான். காப்புறுதியில் காசு இன்று போகிறது. பண்டமோ இருபது ஆண்டு கழித்து, சில வேளை வாங்கியவன் கண்மூடிய பின்னர், வர வேண்டியது. பசறையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், மாதம் 2,000 ரூபா கட்டுப்பணம் செலுத்துகிறாள் என்று வைத்துக்கொண்டால், 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளப்படி அது ஒன்றரை நாள் உழைப்பு. கம்பனியின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்க முடியாது. பார்த்தாலும் அது போதுமா என்று கணிக்க அவளால் இயலாது. கணிக்கத் தெரிந்த ஒருவர் அவள் சார்பில் பார்க்க வேண்டும்.

சில காப்புறுதிகளை அரசே மக்கள் மேல் சுமத்துகிறது என்பதும் நினைவிற்குரியது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி வாகனம் எதுவும் வீதியில் ஓடலாகாது. 2021 மார்ச் 20ஆம் நாள் லுணுகலையிலிருந்து புறப்பட்ட ஒரு தனியார் பஸ் வண்டி பசறையை அடுத்த 13ஆம் கட்டையில் பள்ளத்தில் வீழ்ந்து, பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். இத்தகைய நாளில் மூன்றாந் தரப்புப் பத்திரம் வெறுங் காகிதமாய்ப் போனால், வாங்கும்படி கட்டளையிட்ட சட்டமே ஏமாற்றியதாய் முடியும். வாங்கச் சொன்னவன் விற்பவனைக் கண்காணிக்கவும் கடமைப்பட்டவன்.

அக்கரையில் இந்தப் பாடம் மிகுந்த விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1956 ஜனவரி 19ஆம் நாள் இந்திய நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக், ஆயுள் காப்புறுதித் தொழில் அரசின் கைக்கு வருவதாக வானொலி வாயிலாக அறிவித்தார். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் இருபத்தைந்து கம்பனிகள் கலைக்கப்பட்டன என்றும், இன்னும் இருபத்தைந்து தம் பொருளைச் சிதறடித்து, பத்திரதாரர் நட்டமடைய, பிறரிடம் ஒப்படைக்கப்பட்டன என்றும் அவர் காரணங் காட்டினார். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் பாராளுமன்றத்தில் பெரோஸ் காந்தி, டால்மியா குழுமத்தின் காப்புறுதிப் பணம் எங்கெங்கு ஓடியது என்பதை விரித்துரைத்திருந்தார். 154 இந்தியக் கம்பனிகளும், 16 வெளிநாட்டுக் கம்பனிகளும், 75 சேமநலச் சங்கங்களுமாக 245 நிறுவனங்கள் ஒன்றாகி ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஆயின.

இலங்கையும் அவ்வழியே நடந்தது. 1962இல் ஆயுள் காப்புறுதியும், 1964இல் பொதுக் காப்புறுதியும் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமை ஆயின. அரசே கடனாளியாய் நின்றமையால், கம்பனிக்குக் கடன் தீர்க்கும் வலிமை உண்டா என்ற கேள்வி கால் நூற்றாண்டுக் காலம் உறங்கியது. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் கதவு திறந்தபோது அக்கேள்வியும் விழித்தெழுந்தது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒரு காப்புறுதிச் சபையை நிறுவிற்று. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்பது அச்சபைக்கு 2017இல் வந்த பெயர்.

முதலில் இச்சபை வைத்திருந்த அளவுகோல் எளியது. செலுத்த வேண்டிய பொறுப்புகளிலோ, வாங்கிய கட்டுப்பணத்திலோ குறித்த ஒரு பங்களவு உபரிச் சொத்து இருந்தால் போதும். எளிமை நல்லதுதான், ஆயினும் இவ்வளவுகோலுக்குக் கண் இல்லை. ஒரு கம்பனி தன் பணத்தைத் திறைசேரி முறிகளில் இட்டிருக்கலாம். மற்றொன்று அதே தொகையைப் பங்குச் சந்தையில் சூதுபோல் வைத்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விதி. இன்னும் விபரீதமாக, கட்டுப்பணத்தை வேண்டுமென்றே குறைத்து விற்கும் கம்பனிக்கு, வருமானம் குறைவதால் வைக்க வேண்டிய மூலதனமும் குறையும். ஆபத்தை மிகுதியாக்கியவனுக்கே சலுகை கிடைத்தது.

இக்குறையை உலகெங்கும் உணர்ந்தனர். அமெரிக்கா 1990களின் தொடக்கத்திலும், சிங்கப்பூர் 2004இலும், மலேசியா 2009இலும், கம்பனி எடுத்துள்ள இடரின் அளவுக்கு ஏற்ப மூலதனத்தைக் கேட்கும் முறைக்கு மாறின. 2016 ஜனவரி முதலாந் தேதி ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கையும் தத்தம் புதிய விதிகளை ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது தற்செயலான ஒற்றுமை.

புதிய முறையின் உள்ளம் ஒரு வகுத்தற் கணக்கு. மேலே, கம்பனியிடம் மெய்யாகவே இருக்கும் மூலதனம். கீழே, அதன் இடர்கள் யாவற்றையும் நிறுத்துப் பார்த்துக் கேட்கப்படும் மூலதனம். முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூலதனப் போதுமை விகிதம். அது 120 சதவீதத்துக்குக் குறையலாகாது. அதனுடன் கைவசமுள்ள மூலதனம் 50 கோடி ரூபாவுக்கும் குறையலாகாது.

கீழே வைக்கப்படும் இடர்கள் ஆறு வகைப்படும். கடன் வாங்கியவன் கொடாதுபோவது கடன் இடர். சொத்தெல்லாம் ஒரே இடத்தில் குவிவது குவிவு இடர். வட்டியும் பங்கு விலையும் அந்நியச் செலாவணியும் ஏறி இறங்குவது சந்தை இடர். கம்பனி தன் சுமையில் ஒரு பங்கை வெளிநாட்டுப் பெருங் கம்பனிகளிடம் ஒப்படைப்பது மீள்காப்புறுதி. அங்கே அவர்கள் கைவிடுவதும் ஓர் இடர். சாவும் நோயும் விபத்தும் கணித்ததை மிஞ்சுவது பொறுப்பு இடர். எழுத்தன் பிழையும் இயந்திரப் பிழையும் களவும் நடைமுறை இடர்.

இவற்றுள் மலைநாட்டாருக்கு மிக நெருங்கியது மீள்காப்புறுதி. 2025 நவம்பர் 28ஆம் நாள் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளியில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. ஒரே மழையில் நூற்றுக்கணக்கான கடைகளும் வாகனங்களும் வீடுகளும் அழியும்போது, ஒரு சிறிய தீவின் கம்பனிகள் மட்டும் அச்சுமையைத் தாங்குவது கடினம். மீரியபெத்தையில் சங்கத்துக்கு இல்லாதிருந்த அந்த 'வேறு மலை', கம்பனிக்கு மீள்காப்புறுதியாக அமைகிறது. ஆகவேதான் யாரிடம் மீள்காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது, அவர் தரம் யாது என்று விதி வினவுகிறது. தரம் குறைந்தவரிடம் ஒப்படைத்தால் அதற்கேற்ப மிகுதியான மூலதனம் வைக்க வேண்டும்.

எண்களால் விளக்கினால் விகிதத்தின் பயன் தெளிவாகும். ஒரு கம்பனியிடம் 90 கோடி ரூபா மூலதனம் உளது. இடர்களுக்குக் கேட்கப்படுவது 60 கோடி. விகிதம் 150. ஒரு கெட்ட ஆண்டில் 20 கோடி நட்டம் வருகிறது. மிஞ்சியது 70 கோடி. விகிதம் 117க்குக் கீழே இறங்கிவிட்டது. இக்கம்பனி கடனாளியன்று, எல்லாக் கடனையும் தீர்த்தாலும் 70 கோடி மிஞ்சும். ஆயினும் ஆணைக்குழு கதவைத் தட்டுகிறது. பங்குதாரர் புதிய பணம் இட வேண்டும். இல்லையேல் இடரைக் குறைக்க வேண்டும். தவறினால் பதிவே நிறுத்தப்படலாம். இன்னொரு சிறு கம்பனியிடம் 45 கோடியும், கேட்பு 30 கோடியும் இருந்தால் விகிதம் அதே 150தான். ஆனால் 50 கோடி என்னும் தரையைத் தொடாமையால் அதுவும் தவறியதே. நோயாளி படுக்கையில் விழுந்த பின் வைத்தியரை அழைப்பதற்கும் காய்ச்சல் தொடங்கும்போதே அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பொறுப்புகளை மதிப்பிடுவதிலும் மாற்றம் வந்தது. பத்தாண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய ஒரு கோடி ரூபாவுக்கு இன்று எவ்வளவு வைக்க வேண்டும்? ஆண்டு வட்டி 10 சதவீதமாயின் ஏறக்குறைய 38½ இலட்சம். 20 சதவீதமாயின் 16 இலட்சத்துக்குச் சற்று மேல். வட்டி ஏறினால் பொறுப்பு சுருங்கும். அதேவேளை கையிலுள்ள பழைய முறிகளின் விலையும் வீழும். இரண்டும் ஒரே நீளமுடையனவாயின் ஒன்றையொன்று ஈடுசெய்யும். பொறுப்பு இருபதாண்டு நீண்டும் முறிகள் இரண்டாண்டில் முடிந்தும் நின்றால் வட்டி வீழும் காலத்தில் துன்பம். 2022இல் 30 சதவீதத்தையும் தாண்டிய திறைசேரி உண்டியல் வட்டி, 2024இல் 10 சதவீதமளவுக்குத் தாழ்ந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே காட்டிய அத்தகைய சோதனை புத்தகங்களிலும் அரிது.

அச்சோதனை விதியின் பலவீனம் ஒன்றையும் வெளிப்படுத்திற்று. அரசு ரூபாவில் வழங்கும் முறிகளுக்குக் கடன் இடர் இல்லை என்பதே விதியின் எண்ணம். அவற்றுக்குக் கேட்பு சூன்யம். ஆனால் 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அரசு தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. அடுத்த ஆண்டு உள்நாட்டு முறிகளை மாற்றியமைத்தபோது, சுமை காப்புறுதிக் கம்பனிகள் மேல் விழவில்லை. ஊழியர் சேமலாப நிதி முதலான ஓய்வுக்கால நிதிகள் மேல் விழுந்தது. புதிய முறிகளுக்கு 2026 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி என வகுக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அந்நிதியில்தான் தோட்டத் தொழிலாளர் பலரின் ஆயுட்காலச் சேமிப்பு இருக்கிறது. காப்புறுதிக்காக வகுத்த மூலதன விதி அந்நிதியைத் தீண்டுவதில்லை. பதுளையில் காப்புறுதிப் பத்திரம் வைத்திருந்த வர்த்தகர் தப்பினார். அதே நகரத்துக்கு மேலே மலையில் கொழுந்து பறித்தவர் வட்டியில் இழந்தார் என்று சொல்வது மிகையாகாது.

மற்றுமோர் எல்லையும் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஐந்து இலட்சம் ரூபாப் பத்திரம் அன்றும் ஐந்து இலட்சமாகவே நின்றது. ஆனால் அதனால் வாங்கக்கூடிய அரிசியும் மாவும் பெரிதுங் குறைந்தன. கம்பனி வாக்களித்த ரூபாவைக் கொடுக்கும் என்பதற்கே இவ்விதி காவல். அந்த ரூபா என்ன பெறும் என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. நீண்டகாலப் பத்திரம் வாங்குவோர், தொகை ஆண்டுதோறும் வளர வழியுண்டா என்று கேட்பது இதனாலேயே அவசியமாகிறது.

கேட்க வேண்டிய மற்றொன்று அந்த விகிதம். கம்பனிகள் தம் ஆண்டறிக்கையில் மூலதனப் போதுமை விகிதத்தை வெளியிடுகின்றன. பண்டாரவளையிலோ வெலிமடையிலோ வீடு தேடி வரும் முகவர், போனஸ் தொகையையும் பரிசுப் பயணத்தையும் பற்றிச் சரளமாகப் பேசுவார். உங்கள் கம்பனியின் விகிதம் சென்ற ஆண்டு எவ்வளவு, அதற்கு முந்திய ஆண்டு எவ்வளவு என்று வினவினால் அவர் சற்றுத் திகைக்கவுங்கூடும். ஓராண்டு எண்ணைக் காட்டிலும் மூன்றாண்டு எண்கள் பேசும்; 300இலிருந்து 250க்கும், அங்கிருந்து 170க்கும் இறங்கி வருவது 120க்கு மேலேயே நின்றாலும் கவனிக்கத்தக்கது. பதிலைத் தெரிந்து அடுத்த வாரம் வருகிறேன் என்று முகவர் சொல்வாராயின், கையெழுத்தும் அடுத்த வாரம்வரை காத்திருக்கலாம்.