தெல்தோட்டைத் தாதிக்கும் ஒரு பட்டம்

கண்டியிலிருந்து பேராதனை, கலகா வழியாகத் தெல்தோட்டைக்கு வரும் பஸ்ஸில், வைத்தியசாலை வேலை முடிந்து வீடு திரும்பும் தாதிமாரை நாம் காண்பதுண்டு. இரவு முறை பார்த்த களைப்பில் ஜன்னலோரம் கண்ணயர்ந்திருக்கும் அவர்களைப் பற்றி, 'உத்தியோகந்தான் கிடைத்துவிட்டதே, இனிப் படிப்பு எதற்கு?' என்று கேட்பவர் நம்மிற் பலர். அக்கேள்வி நியாயமானதுதானா என்பதை இங்கு சிறிது ஆராய விரும்புகிறோம்.

வைத்தியர் சொன்னதைச் செய்பவளே தாதி என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப்புத்தகங்கள் போற்றும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்வோம். 1854-ஆம் ஆண்டு, கிரிமியா யுத்த காலத்தில், ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குச் சென்ற அவர் இரவில் விளக்குடன் உலாவியது உண்மையே. ஆனால் அவர் செய்த பெருங்காரியம் வேறு. சமையலறையையும் சலவையையும் சீர்படுத்தினார். மாண்டோரின் கணக்கை ஒழுங்காகத் திரட்டினார். காயத்தால் இறந்தவரைவிட நோயால் இறந்தவரே மிகப் பலர் என்பதை 1858-இல் படம் வரைந்து அதிகாரிகளுக்கு உணர்த்தினார். இது நிர்வாகியின் வேலையன்றோ! விளக்கை நினைவில் வைத்த பாடப்புத்தகங்கள் கணக்கை மறந்தது நமது துரதிர்ஷ்டம்.

2014-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் வைத்திய சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஐரோப்பாவில் 9 நாடுகளைச் சேர்ந்த 300 ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சை பெற்ற 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்களை அதில் ஆராய்ந்தார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 சதவீதம் உயர்ந்த இடங்களில் அவ்வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. பட்டம் ஒன்றே இதற்குக் காரணம் என்று அடித்துக் கூறிவிட முடியாது. ஆயினும் தாதியின் படிப்பு அலங்காரப் பொருளன்று என்பது தெளிவு.

வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் படிப்பது எவ்வாறு? இதற்கு விடையளித்தது, 1980-இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994-இல் அது தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்ட நெறியை ஆரம்பித்தது. ஏற்கெனவே பயிற்சி பெற்றுக் கடமையாற்றும் தாதியரை மனதிற்கொண்டு வகுக்கப்பட்ட நெறி அது. பாடங்களை வீட்டிலிருந்தே கற்கலாம். குறித்த நாட்களில் மாத்திரம் நிலையத்துக்குச் செல்லவேண்டும். கண்டிப் பகுதியினருக்குப் பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் இருக்கிறது. விஞ்ஞானமாணிக்குப் பின்னர் முதுமாணிப் படிப்பு. வைத்தியசேவைத் தலைமையையே சிறப்புப் பாடமாகக் கொண்ட தாதியியல் முதுமாணியை அத்தபாஸ்கா போன்ற பல்கலைக்கழகங்கள் தொலைக்கல்வி முறையிலேயே போதிக்கின்றன.

தலைமை என்றவுடன் நாற்காலியையும் சம்பளத்தையும் எண்ணவேண்டாம். எந்த வார்ட்டில், எந்த முறையில், எத்தனை தாதியர், யார் யார் என்று தீர்மானிப்பதே அதன் உயிர்நாடி. தோட்டத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும் ஒரு தாய், நடுச்சாமத்தில், தன் வேதனை எங்கே, எத்தகையது என்று தமிழிலேதான் சொல்ல வல்லவள். அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் ஒரு தாதி அம்முறையில் இருக்கிறாளா இல்லையா என்பது, கடமைப் பட்டியலை எழுதும் கையைப் பொறுத்தது. அக்கை தெல்தோட்டையிலிருந்து சென்ற கையாக ஏன் இருக்கலாகாது?

ஆயின் வழியில் முட்கள் இல்லாமலில்லை. தாதிப் பயிற்சிக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்றிருக்கவேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் அப்பிரிவு உள்ளவை மிகச் சில. பட்டப்படிப்போ ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. பள்ளிப்பருவத்திலேயே ஆங்கிலத்தை அலட்சியம் செய்த பிள்ளை, முப்பது வயதில், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதனுடன் மல்லாடவேண்டியிருக்கிறது. மாணவிகள் இதை இப்போதே கவனிப்பது நன்று.

மற்றொரு முள் வீட்டிலேயே இருக்கிறது. மருமகள் இரவு வேலைக்குச் செல்வதைச் சகிக்கும் வீட்டார், ஓய்வு நாளில் அவள் புத்தகம் விரித்தால் முகம் சுளிப்பதைக் காண்கிறோம். வகுப்பு நாட்களில் பிள்ளையைப் பாட்டியார் பார்த்துக்கொள்ளட்டும். சோற்றுப் பானையைக் கணவர் இறக்கட்டும். பொல்கொல்லைக்குப் போவதென்றால் கண்டி நகரையும் கடந்து செல்லவேண்டும். தெல்தோட்டையிலிருந்து புறப்படுபவர் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.