வீட்டுப் பெட்டியில் கணக்கு: வெளியிலிருந்து திறக்கவில்லையா?

சென்ற மாதம் 19-ஆம் தேதி மாலை ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் ஜி.எஸ்.டி. 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். கொள்முதல் பில்கள் முழுவதும் வீட்டிலுள்ள நாஸ் பெட்டியில் இருந்தன. ரௌட்டரோடு இணைத்து, ஹார்டு டிஸ்க்கில் கணக்கைச் சேமித்து வைக்கும் சிறு பெட்டி அது. எஃப்.டி.பி. வழியாக எடுக்க முயன்றால் பெயரையும் பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. கோப்புப் பட்டியல் மட்டும் வரவே இல்லை. கடைசியில் பையனை வீட்டுக்கு அனுப்பி, பென் டிரைவில் எடுத்துவரச் செய்தோம். பிறகு ஒரு வாரம் அலைந்து தெரிந்துகொண்டதை, மற்றவர்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறோம்.

கோளாறை உள்ளிருந்து வெளியே தேடிக்கொண்டு வர வேண்டும்.

முதலாவது, வீட்டு வைஃபையிலேயே பெட்டி திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் பெட்டியில் எஃப்.டி.பி. சேவை நிறுத்தப்பட்டிருக்கலாம். அல்லது மின்தடைக்குப் பிறகு ரௌட்டர் பெட்டிக்கு வேறு உள்முகவரி கொடுத்திருக்கலாம். ரௌட்டரில் அந்த முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இரண்டாவது, வெளியிலிருந்து வருவதுபோல் சோதிக்க, செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளிமுகவரியைப் போட்டால் பல ரௌட்டர்கள் திறக்காது. அதை வைத்துக் கோளாறு என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாவது, ரௌட்டரில் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு நேர்ந்தது இதுதான். குடோனில் சீட்டு வாங்கும் கவுண்டர் ஒன்று, மூட்டை இறங்கும் வாசல் வேறு அல்லவா? எஃப்.டி.பி.யும் அப்படித்தான். 21-ஆம் போர்ட்டில் பேச்சு மட்டுமே நடக்கும். பட்டியலும் கோப்பும் வேறு போர்ட்டில் வரும். நாங்கள் 21-ஐ மட்டும் திறந்திருந்தோம். பெட்டியின் அமைப்பில் 'பாசிவ்' போர்ட் வரிசை என்று இருக்கும். அதையும் ரௌட்டரில் திறந்தால்தான் சரக்கு வெளியே வரும்.

நான்காவது, வெளிமுகவரி நம்முடையதுதானா என்று பாருங்கள். பக்கத்துக் கடை எண்ணெய் வியாபாரி எல்லாம் சரியாகச் செய்தும் பெட்டி திறக்கவில்லை. இணைய நிறுவனம் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தது. ரௌட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், அல்லது இணையத்தில் தெரியும் நம் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டால், காரணம் பெரும்பாலும் இதுவே. அப்போது ரௌட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் தனி நிலை முகவரி கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இனிச் சொல்வதுதான் முக்கியம். எஃப்.டி.பி. பழைய முறை; இன்றும் வழங்கும் அதன் அடிப்படை விதி 1985-இல் எழுதப்பட்டது. அதில் பாஸ்வேர்டு தபால் கார்டில் எழுதியதுபோல் மறைவில்லாமல் போகிறது. 2021, 2022 ஆண்டுகளில் இணையத்துக்கு நேரே திறந்திருந்த நாஸ் பெட்டிகள் பலவற்றில் திருடர்கள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டார்கள். நமது பற்று வரவு அப்படிப் பூட்டப்பட்டால் யார் எவ்வளவு பாக்கி என்று எதைக் காட்டிக் கேட்பது?

ஆகவே வழி கண்ட பிறகும் எஃப்.டி.பி.யை நாங்கள் நிறுத்திவிட்டோம். இப்போது வி.பி.என். வழியாகவே பெட்டியைத் திறக்கிறோம். பெட்டி தானே வெளியே இணைப்பு எடுக்கும் வகை வி.பி.என்.னும் உண்டு. பங்கிட்ட முகவரியிலும் அது வேலை செய்யும். எண்ணெய் வியாபாரிக்கு அதையே வைத்துக் கொடுத்தோம். ரௌட்டரில் திறந்த போர்ட்டுகளை எல்லாம் மூடினோம். வாரம் ஒருமுறை கணக்கைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றி பீரோவில் வைக்கிறோம்.

இரவு கடையைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே கிளம்புகிறோம். தாக்கல் நாள் வரை காத்திராமல், மாதம் பிறந்ததும் ஒருமுறை வெளியிலிருந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.